அணைந்த பின்னும் நின்ற ஒளி



இரவு உணவு முடிந்து, குடும்ப செபம் சொல்லி, முற்றத்தில் சற்றுக் காற்றாட அமரும்போது நம் தலைக்கு மேல் விரிந்து கிடக்கும் வானம் மிக அமைதியாகத் தோன்றுகிறது. நேற்றிருந்த விண்மீன்கள் இன்றும் இருக்கின்றன. நம் பாட்டனார் கண்ட வானத்தையே நாமும் காண்கின்றோம். ஆயினும் இவ்வமைதி நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் பொறுத்தமட்டில்தான் உண்மை. கண்ணுக்குப் புலப்படாத காமாக் கதிர்களைக் காணும் ஆற்றல் நமக்கு இருக்குமாயின், ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை வானத்தின் ஏதோ ஒரு மூலையில் மாபெரும் மின்னல் ஒன்று தோன்றி மறைவதைக் காண்போம். சில வேளைகளில் அது ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. சில வேளைகளில் ஒன்றிரண்டு நிமிடம் நீடிக்கும். அச்சிறு பொழுதில் வானத்திலுள்ள ஏனைய காமாக் கதிர் ஊற்றுகள் அனைத்தையும் விஞ்சி ஒளிர்ந்துவிட்டு அணைந்து போகும். பின்னர் அவ்விடத்தில் அது மீண்டும் தோன்றுவதில்லை.

இவற்றைக் காமாக் கதிர் வெடிப்புகள் என்று அறிஞர் அழைக்கின்றனர். இவை எங்கே நிகழ்கின்றன? அருகிலா, தொலைவிலா? கேள்வி எளிது, ஆனால் அதற்கு விடை காண 30 ஆண்டுகள் ஆயின. விடையைத் தந்தது அந்த மின்னலன்று. அது அணைந்த பின்னர் மிஞ்சி நின்ற மங்கலான ஒளியே. அவ்வொளியை முதன்முதலில் கண்டுபிடித்த விண்கலத்தின் வரலாற்றை இத்திங்கள் காண்போம்.

குண்டைத் தேடியோர் கண்டது

1963ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள், அமெரிக்கா, சோவியத் நாடு, பிரிட்டன் ஆகிய மூன்றும் மாஸ்கோவில் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இனிமேல் காற்றுவெளியிலோ, விண்வெளியிலோ, நீருக்கடியிலோ அணுகுண்டுச் சோதனை நடத்துவதில்லை என்பதே அவ்வுடன்படிக்கை. கையொப்பமிட்டவர் சொற்படி நடப்பரா என்ற ஐயம் இரு தரப்பிலும் இருந்தது. விண்வெளியில் எவரேனும் மறைவாகக் குண்டு வெடித்தால் அதை அறிவது எவ்வாறு?

அணுகுண்டு வெடிக்கும்போது காமாக் கதிர்கள் பாய்ந்து வெளிப்படும். எனவே அக்கதிர்களை உணரும் கருவிகள் பொருத்திய செயற்கைக்கோள்களை அமெரிக்கா இரண்டிரண்டாக விண்ணில் ஏவியது. அவற்றிற்கு 'வேலா' என்று பெயர். விழித்திருந்து காவல் காத்தல் என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல்லினின்று பிறந்த பெயர் அது.

1967ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அக்காவலர்கள் ஒரு மின்னலைப் பதிவு செய்தனர். ஆனால் அது எழுந்து தணிந்த விதம் எந்த அணுகுண்டுக்கும் உரியதன்று. லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்த ரே கிளெபசாடல், ராய் ஆல்சன் என்னும் அறிஞர்கள் 1969இல் இதனைக் கண்ணுற்றனர். பின்னர் ஏவப்பெற்ற வேலாக் கோள்களில் காலத்தை மிக நுட்பமாகக் குறிக்கும் கருவிகள் இருந்தன. அவையும் இத்தகைய மின்னல்களைப் பதிவு செய்தன.

நள்ளிரவில் ஆலய மணி ஒருமுறை ஒலித்தால், ஊரின் இரு கோடியில் இருப்பவரும் அதனை ஒரே நேரத்தில் கேட்பதில்லை. மணிக்கு அருகில் இருப்பவர் முன்னும், தொலைவில் இருப்பவர் பின்னும் கேட்பர். அந்த இடைவெளியைக் கொண்டு மணி எத்திசையில் ஒலித்தது என்று ஓரளவு கணித்துவிடலாம். காமாக் கதிர் நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும் வேகமுடையது. ஆயினும் ஒன்றையொன்று வெகுதூரம் விலகிச் சுற்றிய வேலாக் கோள்களுக்கு அது வந்து சேர்ந்த நேரத்தில் நொடியின் சிறு பகுதி வேற்றுமை இருந்தது. அவ்வேற்றுமையைக் கொண்டு கணக்கிட்டபோது, அம்மின்னல்கள் பூமியினின்றும் வந்தவையல்ல, சூரியனினின்றும் வந்தவையல்ல என்பது தெளிவாயிற்று. கிளெபசாடல், ஸ்டிராங், ஆல்சன் ஆகிய மூவரும் 1969 முதல் 1972 வரை கண்ட 16 வெடிப்புகளைப் பற்றி 1973ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உலகிற்கு அறிவித்தனர். மனிதரின் வஞ்சகத்தைக் காணப் புறப்பட்ட காவல், ஒருவரும் கனவிலும் கருதாத ஒன்றைக் கண்டுகொண்டது.

அகல்விளக்கா, கலங்கரை விளக்கமா?

இருளில் தொலைவில் ஒரு விளக்கொளி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அடுத்த வயலில் ஒருவர் ஏந்திச் செல்லும் அகல்விளக்காயிருக்கலாம். 20 கல் தொலைவில் நிற்கும் கலங்கரை விளக்கமாயுமிருக்கலாம். தூரம் தெரியாதவரை அதன் வலிமையை நாம் சொல்ல இயலாது. காமாக் கதிர் வெடிப்புகளின் நிலையும் இதுவே. அவை நம் பால்வீதி மண்டலத்திற்குள் நிகழ்பவை எனின், அறிஞர் அறிந்த ஆற்றலைக் கொண்டே விளக்கம் கூறிவிடலாம். பால்வீதிக்கு அப்பால், பலநூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்பவை எனின், அவற்றின் ஆற்றல் எவரும் அதுவரை எண்ணிப் பார்த்திராத அளவினதாய் இருந்தாக வேண்டும். ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு என்பதை வாசகர்கள் அறிவர்.

பெரும்பாலோர் முதலாவது கருத்தையே கொண்டிருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட கொள்கைகள் அறிஞரிடையே உலவின. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் விண்ணில் ஏவப்பெற்ற காம்ப்டன் என்னும் காமாக் கதிர் ஆய்வுக்கூடம் இதற்கு ஒரு திருப்பத்தைத் தந்தது. 9 ஆண்டுகளில் அது 2704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை வானத்தின் எல்லாத் திசைகளிலும் ஒரே சீராய்ப் பரவிக் கிடந்தன. பால்வீதியைச் சேர்ந்தவையாயின், இரவில் நாம் காணும் அந்த வெண்ணிறப் பட்டையின் ஓரமாகவே அவை குவிந்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு இல்லை. ஆயினும் பழைய கருத்தினர் தளர்ந்துவிடவில்லை. நம் மண்டலத்தைச் சூழ்ந்து கிடக்கும் பரந்த வெளியிலிருந்து அவை வருகின்றன என்று வாதிட்டனர்.

1995ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், வாஷிங்டன் நகரில் இதற்கெனவே ஒரு பொது வாதம் நடந்தது. அருகில் என்ற கட்சியை டொனால்டு லாம் என்பவரும், தொலைவில் என்ற கட்சியைப் போலந்து நாட்டவராகிய போடான் பச்சின்ஸ்கி என்பவரும் எடுத்துரைத்தனர். இங்கிலாந்தின் மார்ட்டின் ரீஸ் நடுவராய் அமர்ந்தார். வாதம் சிறப்பாய் நடந்தது. தீர்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. சொல்லால் தீர்க்கக்கூடிய வழக்கன்று அது. சான்று வேண்டும்.

சான்று கிடைக்காமைக்குக் காரணம் உண்டு. காமாக் கதிரைக் கண்ணாடி வில்லையாலோ ஆடியாலோ எளிதில் குவிக்க இயலாது. அது ஊடுருவிச் சென்றுவிடும். ஆகையால் காம்ப்டன் கலம் ஒரு வெடிப்பைக் கண்டால், 'ஏறத்தாழ இந்தப் பக்கம்' என்று சொல்ல முடிந்ததேயன்றி, 'இதோ இந்தப் புள்ளி' என்று சுட்டிக்காட்ட முடியவில்லை. அது சுட்டிய பரப்பிற்குள் பல முழுநிலவுகளை வரிசையாக அடுக்கி வைக்கலாம். அத்துணைப் பெரிய பரப்பில் எண்ணிறந்த விண்மீன்களும் விண்மீன் மண்டலங்களும் இருக்கும். அவற்றுள் குற்றவாளி எது என்று எவ்வாறு தேர்ந்தெடுப்பது? தேடத் தொடங்கும் முன்னரே மின்னலும் மறைந்துவிடுகிறது.

தூபத்தின் மணம்

நற்கருணை ஆசீர் முடிந்து, தூபக்கலசம் உள்ளே எடுத்துச் செல்லப்பட்ட பின்னும் அதன் மணம் ஆலயத்தில் நெடுநேரம் நிற்பதை நாம் அறிவோம். தாமதமாய் வந்தவரும் அம்மணத்தைக் கொண்டு நடந்ததை உணர்ந்துகொள்வார். மிகவும் தாமதித்து வருபவருக்கு அதுவும் கிட்டாது.

காமாக் கதிர் வெடிப்பிற்கும் இத்தகைய பின்விளைவு ஒன்று இருத்தல் வேண்டும் என்று சில அறிஞர் கணித்தனர். வெடிப்பில் வீசியெறியப்பட்ட பொருள், சுற்றிலுமுள்ள மெல்லிய வாயுவின்மீது மோதிச் சூடேறும். அந்தச் சூட்டில் முதலில் எக்ஸ் கதிர்களும், பின் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும், இறுதியில் வானொலி அலைகளும் வெளிப்பட்டு மெல்ல மெல்லத் தணியும். இதனைப் பின்னொளி எனலாம். ரீசும் பீட்டர் மேசாரோசும் இதைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரை 1997ஆம் ஆண்டு பெப்ருவரியில் வெளிவந்தது. அதே திங்கள் முடிவதற்குள் சான்று கிடைத்துவிட்டது.

சூசையின் பெயர் தாங்கிய கலம்

எக்ஸ் கதிர்களும் காமாக் கதிர்களும் பூமியின் காற்று மண்டலத்தைக் கடந்து தரைக்கு வருவதில்லை. நம் உயிருக்கு அது பெரும் பாதுகாப்பு. வானியலாருக்கோ அது ஒரு திரை. ஆகவே தொலைநோக்கியைக் காற்று மண்டலத்திற்கு மேலே அனுப்பியாக வேண்டும். இத்தாலியும் ஹாலந்தும் இணைந்து உருவாக்கிய ஒரு விண்கலம் 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அமெரிக்காவின் கேப் கனாவரல் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டது. அதன் பெயர் 'பெப்போசாக்ஸ்'. காஸ்மிக் கதிர் ஆய்வில் புகழ்பெற்ற இத்தாலிய அறிஞர் ஜுசெப்பே ஒக்கியலீனி 1993இல் மறைந்தார். ஜுசெப்பே என்பது நம் சூசை; அப்பெயருடையோரை இத்தாலிய வீடுகளில் 'பெப்போ' என்று செல்லமாய் அழைப்பர். அவ்வறிஞரின் செல்லப்பெயரே கலத்தின் பெயராயிற்று.

இக்கலம் பூமத்திய ரேகையை ஒட்டி, 600 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 100 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டிலுள்ள மாலிந்தி என்னும் கடற்கரை ஊரில் இத்தாலியர் அமைத்திருந்த நிலையத்தின்மேல் பறக்கும்போது மட்டும், ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடங்கள், அதனோடு தொடர்பு கொள்ளலாம். அது திரட்டிய செய்திகள் அங்கிருந்து ரோமாபுரியிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்திற்குச் சென்றன. அங்கே இரவும் பகலும் பணியாளர் முறைமாற்றி விழித்திருந்தனர்.

கலத்தில் மூவகைக் கருவிகள் இருந்தன. முதலாவது, வெடிப்பு நிகழ்ந்ததை அறிவிக்கும் காமாக் கதிர் உணரி. இரண்டாவது, வானத்தின் பரந்த பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு எக்ஸ் கதிர்க் கேமராக்கள். இவற்றை ஹாலந்து நாட்டினர் செய்தளித்தனர். இவற்றில் வில்லை இல்லை. துளைகள் பல இட்ட ஒரு தகடே இருந்தது. பலகணியின் கம்பிகளூடே வெயில் வரும்போது, தரையில் விழும் நிழலைக் கொண்டு சூரியன் எத்திசையில் உள்ளதென்று சொல்லிவிடலாமன்றோ? அவ்வாறே அத்தகட்டின் நிழல் விழும் இடத்தைக் கொண்டு எக்ஸ் கதிர் வந்த திசையைக் கணித்தனர். இவ்வகையில் வெடிப்பின் இருப்பிடத்தை முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள சிறு வட்டத்திற்குள் அடக்க முடிந்தது. மூன்றாவது, ஒரு சிறு பகுதியைக் கூர்ந்து நோக்கும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள். இவற்றை அச்சிறு வட்டத்தின்பால் திருப்ப வேண்டுமாயின் கலத்தையே திருப்ப வேண்டும்.

வெற்றி உடனே கிட்டவில்லை. 1996ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் நிகழ்ந்த ஒரு வெடிப்பைப் பதிவுகளில் பின்னரே கண்டறிந்தனர். கலத்தை அத்திசைக்குத் திருப்பியபோது ஒரு மாதத்திற்கு மேல் கழிந்திருந்தது. அங்கே பின்னொளி தென்படவில்லை. 1997ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் மற்றொரு வெடிப்பு. இம்முறை 16 மணி நேரத்தில் கலத்தைத் திருப்பினர். அப்போதும் தெளிவான சான்று கிட்டவில்லை. மனம் சலித்துக் கைவிட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவர்களோ இன்னும் விரைவாய்ச் செயல்படும் வழியைத் தேடினர்.

எட்டு மணி நேரம்

1997ஆம் ஆண்டு பெப்ருவரி 28ஆம் நாள், உலகப் பொது நேரப்படி அதிகாலை 2 மணி 58 நிமிடம். பெப்போசாக்ஸின் உணரி ஒரு வெடிப்பை அறிவித்தது. அது ஏறத்தாழ 80 நொடிகள் நீடித்தது. நற்பேறாக, பரந்த பார்வையுடைய கேமரா ஒன்றின் பார்வைக்குள்ளேயே அது நிகழ்ந்திருந்தது. செய்தி மாலிந்தி வழியே ரோமாபுரியை அடைந்தது. நிழலைக் கணித்தனர், இடத்தைக் குறித்தனர், கலத்தைத் திருப்பும் கட்டளையை அனுப்பினர். வெடிப்பு நிகழ்ந்த 8 மணி நேரத்தில் கூர்நோக்குத் தொலைநோக்கிகள் அவ்விடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கே ஓர் எக்ஸ் கதிர் ஊற்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. முன்னர் எவரும் குறித்து வைத்திராத ஊற்று அது. ஆயினும் அதுவே வெடிப்பின் மிச்சம் என்று எவ்வாறு உறுதி கூறுவது? தற்செயலாய் அவ்விடத்தில் இருந்துவரும் வேறொரு பொருளாயிருக்கலாமே. அதனை அறிய ஒரே வழி, மீண்டும் சென்று பார்ப்பது. மார்ச் 3ஆம் நாள் மீண்டும் பார்த்தனர். ஒளி இருபதில் ஒரு பங்காய்க் குன்றியிருந்தது. என்றும் நிற்கும் விளக்கன்று அது, அணைந்துகொண்டிருக்கும் தணல். என்றிக்கோ கோஸ்தாவும் அவருடைய தோழரும் முதன்முதலாகக் காமாக் கதிர் வெடிப்பொன்றின் பின்னொளியைக் கண்டுவிட்டனர்.

அந்தத் தணிவிற்கு ஒரு கணக்கு உண்டு. காலம் பத்து மடங்கு ஏறினால் ஒளி ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. முதல் மணியில் கண்ட ஒளி பத்தாம் மணியில் இருபதில் ஒன்று. நூறாம் மணியில் நானூற்றில் ஒன்று. ஜூலை மாத வெடிப்பை ஒரு மாதம் கழித்துத் தேடியவர் வெறுங்கையோடு திரும்பியது ஏன் என்பது இப்போது விளங்கும்.

தீவின் மலையுச்சியில்

எக்ஸ் கதிர் மட்டும் போதாது; கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் கிடைத்தால்தான் தூரத்தை அளக்கலாம். ரோமாபுரியில் குறித்த இடம் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் வான் பாராடைஸ் குழுவினருக்குத் தெரிவிக்கப்பட்டது. அவருடைய மாணவர்களாகிய டைட்டஸ் கலாமா, பால் குரூட் ஆகிய இருவரும் இம்முயற்சியில் முன்நின்றனர். ஸ்பெயின் நாட்டுக்குரிய கானரித் தீவுகளுள் ஒன்றாகிய லா பால்மாவின் மலையுச்சியில், 4.2 மீட்டர் ஆடியுடைய வில்லியம் ஹெர்ஷெல் தொலைநோக்கி உள்ளது. வெடிப்பு நிகழ்ந்து 21 மணி நேரம் ஆகுமுன்னரே, அதே நாள் இரவில், அதனைக் கொண்டு அவ்விடம் படம் பிடிக்கப்பட்டது. மார்ச் 8ஆம் நாள் மீண்டும் ஒரு படம் எடுத்தனர்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். முதல் படத்தில் இருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் இல்லை! நம் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைக் காட்டிலும் ஏறத்தாழ 10 இலட்சம் மடங்கு மங்கலான புள்ளி அது. முதல் இரவில் படம் எடுக்கத் தவறியிருந்தால் அப்படி ஒரு புள்ளி இருந்ததையே உலகம் அறிந்திராது.

பின்னர் மார்ச் 26ஆம் நாளும் ஏப்ரல் 7ஆம் நாளும், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அவ்விடத்தை நோக்கியது. மங்கிக்கொண்டிருந்த புள்ளியையும், அதனைச் சூழ்ந்த மெல்லிய ஒளித்திட்டு ஒன்றையும் அது கண்டது. அத்திட்டு தொலைதூர விண்மீன் மண்டலமாயிருக்கலாம் எனப் பலரும் எண்ணினர். எனினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை.

அவ்வையம் நீங்க நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மே 8ஆம் நாள் பெப்போசாக்ஸ் மற்றொரு வெடிப்பைக் கண்டது. 3 நாள் கழித்து, ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கியில், மார்க் மெட்ஸ்கரும் அவர் குழுவினரும் அதன் பின்னொளியை நிறமாலையாகப் பிரித்து நோக்கினர். இரும்பும் மக்னீசியமும் பதித்த கருங்கோடுகள் அதில் காணப்பட்டன. ஆனால் அவை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் சிவப்பு நிறத்தின் பக்கமாய் வெகுவாக விலகியிருந்தன. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், ஒளி எவ்வளவு தூரம் பயணம் செய்து வருகிறதோ அவ்வளவிற்கு அக்கோடுகள் விலகும். கணக்கிட்டுப் பார்த்தபோது அவ்வொளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகளே. சூரியனும் பூமியும் தோன்றுமுன்னர்ப் புறப்பட்ட ஒளி அது! பெப்ருவரி வெடிப்பு நிகழ்ந்த மண்டலத்தின் தூரமும் பின்னர் அளக்கப்பட்டது; அதன் ஒளியும் 600 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்ததே.

வழக்குத் தீர்ந்தது. அருகிலுள்ள அகல்விளக்கன்று, தொலைவிலுள்ள கலங்கரை விளக்கமே. பச்சின்ஸ்கியின் கட்சி வென்றது.

ஒரு விண்மீனின் இறுதி

இவ்வளவு தொலைவிலிருந்தும் இவ்வளவு வலிமையோடு வந்து சேரும் ஆற்றல் எதனின்றும் பிறக்கிறது? அது எல்லாத் திசைகளிலும் ஒரே சீராய்ப் பரவியதெனக் கொண்டால், நம் சூரியன் தன் வாழ்நாள் முழுவதும் வெளியிடும் ஆற்றலைக் காட்டிலும் மிகுந்ததை அச்சிறு பொழுதில் வெளியிட்டிருக்க வேண்டும். உண்மையில் அது எல்லாத் திசைகளிலும் பரவுவதில்லை என்பது பின்னர் விளங்கியது. கைவிளக்கின் ஒளியைப் போலக் குறுகிய இரு தாரைகளாய் எதிரெதிர்த் திசைகளில் அது பாய்கிறது. அத்தாரை நம்மை நோக்கி அமைந்தால் மட்டுமே நாம் அதைக் காண்கின்றோம்.

2 நொடிக்கு மேல் நீடிக்கும் வெடிப்புகளுள் பெரும்பாலானவை, சூரியனைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய விண்மீன்களின் இறுதிப் பொழுதிற்குரியவை. எரிபொருள் தீர்ந்து அவ்விண்மீனின் நடுப்பகுதி தன் பாரம் தாங்காது உள்நோக்கிச் சரிகிறது. அங்கே கருந்துளை உருவாகிறது. அதில் விழும் பொருளின் ஒரு பகுதி, ஒளியின் வேகத்தை நெருங்கும் தாரையாய், விண்மீனைத் துளைத்துக்கொண்டு வெளிப்படுகிறது. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பெப்போசாக்ஸ் கண்ட வெடிப்பின் திசையிலேயே ஒரு விண்மீன் வெடித்துச் சிதறியதும் காணப்பட்டது. 2003ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் வெடிப்பு இவ்விரண்டிற்குமுள்ள தொடர்பை ஐயமற உறுதிப்படுத்தியது. 2 நொடிக்குள் முடியும் வெடிப்புகள் பெரும்பாலும் வேறு வகை. சூரியனைக் காட்டிலும் மிகுந்த நிறை ஒரு நகரத்தின் அகலத்திற்குள் அடங்கிய நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதுவதால் விளைபவை அவை. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்ந்த அத்தகைய மோதலை, ஈர்ப்பலைகளாலும் காமாக் கதிர்களாலும் உலகம் ஒருங்கே கண்டறிந்தது.

விரைந்து திரும்பிய கலங்கள்

பெப்போசாக்ஸ் கற்பித்த பாடம், தாமதிக்கலாகாது என்பது. 2004ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஏவப்பெற்ற 'ஸ்விஃப்ட்' என்னும் விண்கலம் அப்பாடத்தைக் கொண்டே அமைக்கப்பட்டது. வெடிப்பைக் கண்டவுடன், தரையிலிருந்து கட்டளை வரும்வரை காத்திராமல், தானே கணக்கிட்டு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அத்திசைக்குத் திரும்பிவிடும். எட்டு மணி நேரம் ஒரு நிமிடமாயிற்று!

2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் அது கண்ட வெடிப்பின் ஒளி 750 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. எனினும் இருண்ட வானத்தின்கீழ் அத்திசையை நோக்கி நின்றிருந்த எவரும், எக்கருவியுமின்றி, வெறுங்கண்ணால் அரை நிமிடம் அதனைக் கண்டிருக்கக்கூடும். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கண்டது இன்னும் தொன்மையானது. அதன் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 1300 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் வந்த வெடிப்பு இதுவரை பதிவானவற்றுள் மிகப் பிரகாசமானது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறையே இத்தகையது நேரும் என அறிஞர் கணித்துள்ளனர். கருவிகள் பல அதன் வெள்ளத்தைத் தாங்க மாட்டாமல் திணறின. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற நம் நாட்டு 'ஆஸ்ட்ரோசாட்' கலமும் இத்தகைய வெடிப்புகளை நூற்றுக்கணக்கில் பதிவு செய்துள்ளது.

பெப்போசாக்ஸ் இன்று இல்லை. 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், ஏவப்பெற்று சரியாக 6 ஆண்டுகள் நிறைவுற்ற அன்று, அதன் பணி முடிந்தது. அடுத்த ஆண்டு பசிபிக் பெருங்கடலின்மேல் அது எரிந்து வீழ்ந்தது. லா பால்மாவில் புள்ளியைக் கண்ட குழுவின் தலைவர் வான் பாராடைஸ், 1999ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், நாம் இறந்தோரை நினைவுகூரும் அத்திருநாளில், தம் 53ஆம் வயதில் காலமானார். அவர்கள் அளந்து தந்த தூரம் நிலைத்து நிற்கிறது.

இவ்வரலாற்றில் நம் மனத்தைக் கவர்வது ஒன்றுண்டு. 30 ஆண்டுகள் விடை தெரியாதிருந்தமைக்குக் காரணம் அறிவுக் குறைவன்று. வான் பாராடைஸ் குழுவினர் பயன்படுத்திய தொலைநோக்கி உலகின் மிகப் பெரியதுமன்று. உரிய வேளையில் ஒருவரும் அவ்விடத்தைப் பார்க்கக் கூடவில்லை, அவ்வளவே. ரோமாபுரியில் விழித்திருந்தோரும், தீவின் மலையுச்சியில் அன்றிரவே பார்த்தோரும், ஒரு வாரம் கழித்து அதே இடத்தைப் பொறுமையோடு மீண்டும் பார்த்தோரும் சேர்ந்தே விடையைக் கண்டனர். விரைவு மட்டும் இருந்து, மீண்டும் பார்க்கும் பொறுமை இல்லாதிருந்தால், அப்புள்ளி எண்ணற்ற புள்ளிகளுள் ஒன்றாகவே போயிருக்கும். பொறுமை மட்டும் இருந்து, விரைவு இல்லாதிருந்தால், பார்ப்பதற்கே ஒன்றும் இருந்திராது. பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் உடல்நலம், உறவினரிடையே எழும் மனத்தாங்கல் என நம் இல்லங்களில் உடனே சென்று பார்க்க வேண்டியவையும், மறுபடியும் சென்று பார்க்க வேண்டியவையும் எத்தனையோ உண்டு. விண்ணைப் பார்த்தோர் காட்டிய வழி இவற்றிற்கும் பொருந்தும்.

அடுத்த பெப்ருவரியில், மேகமற்ற ஒரு மாலைப்பொழுதில், பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். திருவாதிரை விண்மீன் ஒரு தோளாய் அமைய, நடுவில் மூன்று விண்மீன்கள் இடைக்கச்சையாய் விளங்கும் வேடன் கூட்டம் உயரத்தில் தெரியும். திருவாதிரைக்கு எதிர்ப்புறத்துத் தோளிலுள்ள விண்மீனையும், அதற்கு வடமேற்கே செந்நிறமாய் ஒளிரும் ரோகிணியையும் காட்டுங்கள். அவ்விரண்டிற்கும் ஏறத்தாழ நடுவிலேதான் 1997ஆம் ஆண்டின் அந்த வெடிப்பு நிகழ்ந்தது. இன்று அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சூரியன் பிறக்குமுன்னர்ப் புறப்பட்ட ஓர் ஒளி அவ்விடத்தில் வந்து 80 நொடிகள் மின்னியதையும், அது அணைந்த பின்னும் விடாது சென்று பார்த்தவர்களின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.